ரெம்பிராண்ட்: வெட்டப்பட்டும் ஒளிக்கப்பட்டும் மிஞ்சிய ஓவியம்

ஒல்லாந்து ஓவியர் ரெம்பிராண்ட் வான் ரைன் தன் கைப்பட எழுதிய கடிதங்களில் இன்று எஞ்சியிருப்பவை ஏழுதான். ஏழும் ஒரே அரச அதிகாரிக்கு, 1636 இற்கும் 1639 இற்கும் இடையில் எழுதப்பட்டவை. ஓவியம் எப்போது முடியும், எப்படி அனுப்புவது, பணம் எப்போது வரும் என்பதே பெரும்பாலும் அவற்றில் இருக்கும் விடயம். நாட்குறிப்பு எதுவும் கிடைக்கவில்லை. அவரைப் பற்றி எமக்குத் தெரிந்த மிச்சமெல்லாம் தேவாலயப் பதிவுகள், கடன் பத்திரங்கள், நீதிமன்ற ஏடுகள், ஏலப் பட்டியல்கள் ஆகியவற்றிலிருந்து வந்தவை.

அவர் இறந்து 350 ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆனாலும் அவரைப் பற்றிய புதிய தகவல்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. அவை வருவது ஆவணக் காப்பகத்திலிருந்து அல்ல, அவருடைய ஓவியங்களுக்குள்ளிருந்து. 2019 ஜூலை முதல் அம்ஸ்ரர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில், பார்வையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கண்ணாடி அறைக்குள் அவருடைய மிகப் பெரிய ஓவியமான ‘இரவுக் காவல்’ அங்குலம் அங்குலமாக ஆராயப்பட்டு வருகிறது.

இந்த ஆய்வின் முடிவுகளைச் சில வருடங்களாக நான் தொடர்ந்து வாசித்து வருகிறேன். ஓவியத்தில் உள்ள விருப்பம் ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஓவியம் நான்கு பக்கமும் வெட்டப்பட்டது. போர்க்காலத்தில் சுருட்டப்பட்டு பங்கருக்குள் கிடந்தது. இரண்டு தடவை கத்தியாலும் ஒரு தடவை அமிலத்தாலும் தாக்கப்பட்டது. இவ்வளவும் பட்ட ஒரு பொருளை மனிதர்கள் எப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்று அறியும் ஆவல், வீடும் படங்களும் பத்திரங்களும் எரிந்துபோன இடத்தில் இருந்து வரும் எனக்கு இருக்கிறது. உங்களில் பலருக்கும் இருக்கும்.

ஆலைக்காரரின் மகன்

ரெம்பிராண்ட் 1606 ஜூலை 15 இல் லெய்டன் நகரில் பிறந்தார். தந்தை ரைன் நதிக்கரையில் காற்றாலை வைத்திருந்தவர். வான் ரைன் என்ற பெயர் அந்த நதியிலிருந்து வந்தது. தாய் ஒரு வெதுப்பகக்காரரின் மகள். மகனை லத்தீன் பாடசாலைக்கு அனுப்பினார்கள். 1620 இல் லெய்டன் பல்கலைக்கழகத்திலும் பெயர் பதிந்தார்கள். பையனின் மனம் ஓவியத்திலேயே இருந்தது. உள்ளூர் ஓவியர் ஒருவரிடம் ஏறக்குறைய மூன்று வருடங்கள் பழகிவிட்டு, அம்ஸ்ரர்டாமில் பீட்டர் லாஸ்ட்மன் என்பவரிடம் ஆறு மாதங்கள் படித்தார். பிறகு ஊருக்குத் திரும்பிச் சொந்தமாக வரையத் தொடங்கினார்.

1631 அளவில் அம்ஸ்ரர்டாமுக்குக் குடிபெயர்ந்தார். அடுத்த வருடம், மருத்துவர் துல்ப் பிணம் அறுத்துப் பாடம் நடத்தும் காட்சியை வரைந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து, இருபத்தாறுதான். அந்த ஒரு ஓவியத்தோடு பெயர் நிலைத்தது. பணக்கார வணிகர்கள் தங்கள் முகத்தை வரைவிக்க அவரிடம் வந்தார்கள். 1634 இல் சாஸ்கியா என்ற வசதியான குடும்பத்துப் பெண்ணை மணந்தார். 1639 இல் 13,000 கில்டர் விலையில் ஒரு பெரிய வீட்டை வாங்கினார். அந்த விலையில் பெரும்பகுதி கடன். பிற்காலத்தில் அவரை விழுத்தியதும் அந்தக் கடன்தான்.

வீட்டுக்குள் வேறு துயரம் நடந்துகொண்டிருந்தது. முதல் மகன் இரண்டு மாதத்தில் இறந்தான். அடுத்துப் பிறந்த இரண்டு பெண் குழந்தைகளும் சில வாரங்களே உயிர் வாழ்ந்தன. 1641 இல் பிறந்த தீத்துஸ் மட்டும் தப்பினான். அவனுக்கு ஒரு வயது நிரம்பு முன்னரே, 1642 ஜூன் 14 இல், சாஸ்கியா இறந்தாள். வயது 29. ‘இரவுக் காவல்’ முடிந்ததும் அதே வருடம்தான்.

பூச்சுக்குக் கீழே

அந்த ஓவியம் ஒரு நகரக் காவற்படையின் குழுப்படம். கப்டன் ஃபிரான்ஸ் பானிங் கொக்கும் அவருடைய ஆட்களும் தங்கள் மண்டபத்தில் தொங்கவிடுவதற்காக வரைவித்தது. வழக்கமாக இப்படியான படங்களில் எல்லோரும் வரிசையாக நின்று நேரே பார்ப்பார்கள். ரெம்பிராண்ட் அவர்களைப் புறப்படும் கணத்தில் பிடித்தார். ஒருவர் துப்பாக்கியில் மருந்து இடுகிறார், ஒருவர் கொடியை உயர்த்துகிறார், மேளகாரர் அடிக்கத் தயாராகிறார், கூட்டத்துக்குள் வெளிச்சம் விழும் ஒரு சிறுமி ஓடுகிறாள்.

படத்தில் இருப்பது இரவும் அல்ல. ‘இரவுக் காவல்’ என்ற பெயரைப் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாரோ வைத்தார்கள். மேலே பூசிய வார்னிஷ் காலப்போக்கில் கறுத்து, அழுக்கும் சேர்ந்து, பகலை இரவாக்கிவிட்டிருந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு அந்தப் பூச்சைச் சுத்தம் செய்தபோது பகல் வெளிச்சம் வெளியே வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

இன்றைய ஆய்வு அந்த வெளிச்சத்துக்கும் கீழே போகிறது. பயன்படுத்தும் முறைகளில் முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். ஓவியத்தின் மீது மெல்லிய எக்ஸ்ரே கற்றை ஒன்றைப் பாய்ச்சுகிறார்கள். அது நிறத்தில் உள்ள அணுக்களைத் தூண்டுகிறது. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய சக்தி அளவில் கதிரைத் திருப்பி அனுப்புகிறது. ஈயம் ஒரு விதம், இரும்பு ஒரு விதம், பாதரசம் இன்னொரு விதம். கருவி புள்ளி புள்ளியாக நகர்ந்து இதைப் பதிவு செய்ய, ஒவ்வொரு தனிமமும் எங்கே இருக்கிறது என்ற வரைபடம் கிடைக்கிறது. ஓவியத்தின் ஒரு சிறு பகுதியை ஸ்கான் செய்யவே ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். ஓவியத்தைத் தொடவோ சுரண்டவோ தேவையில்லை.

2021 டிசம்பரில் கல்சியத்தின் வரைபடம் ஒரு புதிய செய்தியைத் தந்தது. வண்ணங்களுக்குக் கீழே, சுண்ணாம்பு அதிகம் கலந்த நிறத்தால் ரெம்பிராண்ட் போட்ட முதல் வரைவு தெரிந்தது. அதில் ஒரு வீரரின் தலைக்கவசத்தில் இறகுகள் இருந்தன, பிறகு அழித்துவிட்டார். கப்டனுக்கும் லெப்டினன்டுக்கும் இடையில் ஒரு வாள் இருந்தது, அதையும் எடுத்துவிட்டார். ஈட்டிகள் இப்போது இருப்பதைவிட அதிகம் இருந்தன. ஒருவரின் கால் வேறு நிலையில் இருந்தது. கலை பற்றி ஏறக்குறைய எதுவும் எழுதி வைக்காத மனிதர் எங்கே தயங்கினார், எதை மாற்றினார் என்பது இப்படித் தெரியவந்தது.

2023 இல் இன்னொன்று வெளிவந்தது. பொடியிலும் சிறிய ஒரு நிறத்துணுக்கை ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் உள்ள சக்திவாய்ந்த எக்ஸ்ரே ஆய்வுகூடத்தில் பரிசோதித்தார்கள். கன்வஸ் துணிக்கு மேலே, களிமண் அடிப்பூச்சுக்கும் கீழே, ஈயம் கலந்த எண்ணெய்ப் படலம் ஒன்று இருந்தது. ஓவியம் தொங்கவிருந்த மண்டபத்தின் வெளிச்சுவர் ஈரம் கசியக்கூடியது. அந்த ஈரத்திலிருந்து துணியைக் காக்கவே ரெம்பிராண்ட் இப்படிப் பூசியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் இந்த ஓவியத்தைப் பாதுகாக்க முதலில் யோசித்தவர் அதை வரைந்தவரே. அடுத்த வருடம், லெப்டினன்டின் உடையில் பொன்னிழை போல மின்னும் இடங்களில் ஆர்சனிக் கலந்த மஞ்சள், செம்மஞ்சள் நிறங்களை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறார் என்பதும் தெரியவந்தது.

மறைக்கப்பட்ட முகம்

சாஸ்கியாவுக்குப் பிந்திய ரெம்பிராண்டின் வாழ்க்கையில் பெருமைப்பட முடியாத பக்கங்கள் உண்டு. குழந்தையைப் பார்க்க வந்த கேர்ட்யே டிர்க்ஸ் என்ற விதவையோடு சேர்ந்து வாழ்ந்தார். பிறகு விலகினார். தன்னை மணப்பதாக வாக்களித்தார் என்று 1649 இல் அந்தப் பெண் வழக்குப் போட்டார். வருடம் 200 கில்டர் கொடுக்கும்படி நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருடமே ரெம்பிராண்டின் முயற்சியால் கேர்ட்யே ஒரு பெண்கள் சீர்திருத்தச் சிறையில் அடைக்கப்பட்டார். வெளியே வர ஐந்து வருடங்கள் ஆயின. மேதையின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடக்கூடாது என்று நினைக்கிறேன்.

ரஷ்யாவின் ஹேர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் உள்ள ‘டனாயே’ ஓவியம் இந்தக் காலத்தோடு தொடர்புடையது. 1636 இல் வரைந்ததை 1640களில் ரெம்பிராண்ட் திருத்தி வரைந்தார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது கீழே வேறொரு முகமும் வேறு கைநிலையும் இருந்தன. கீழே இருப்பது சாஸ்கியாவின் சாயல், மேலே இருப்பது கேர்ட்யேயின் சாயல் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். 1985 ஜூனில் ஒருவர் அந்த ஓவியத்தைக் கத்தியால் குத்தி அமிலமும் ஊற்றினார். அதைத் திருத்த 12 வருடங்கள் எடுத்தன.

வங்குரோத்து

வீட்டுக் கடன் வளர்ந்துகொண்டே போனது. ரெம்பிராண்டோ ஏலங்களில் ஓவியம், சிற்பம், கவசம், தூரதேசத்துப் பொருட்கள் என்று வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தார். 1656 இல் வங்குரோத்து ஆனார். அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து அறை அறையாகப் பொருட்களைப் பதிந்தார்கள். 363 பதிவுகள். அவமானத்தின் ஆவணமான அந்தப் பட்டியல்தான் அவருடைய வீட்டுக்குள் என்ன இருந்தது என்பதை இன்று எமக்குச் சொல்கிறது.

1658 இல் வீடு ஏலம் போனது. அதே 1658 இல்தான் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினார்கள். எங்கள் கரையில் ஒல்லாந்தர் காலடி வைத்த நாட்களில், அம்ஸ்ரர்டாமில் அவர்களின் மிகப் பெரிய ஓவியர் கடனுக்கு வீட்டை இழந்து வாடகை வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அப்போது அவரோடு இருந்தவர் ஹென்ட்ரிக்யே. மணம் முடிக்காமல் ரெம்பிராண்டோடு வாழ்கிறார் என்று 1654 இல் தேவாலய சபை அழைத்துக் கண்டித்தது அவரைத்தான். கடன்காரர்களிடமிருந்து ரெம்பிராண்டைக் காப்பாற்ற அவரும் தீத்துஸும் 1660 இல் ஒரு கலை வியாபார நிறுவனத்தைத் தொடங்கி, ரெம்பிராண்டை அதில் வேலையாளாக வைத்தார்கள். 1662 இல் ரெம்பிராண்ட் சாஸ்கியாவின் கல்லறையையே விற்றார். 1663 இல் ஹென்ட்ரிக்யே இறந்தார். 1668 இல், மணமான அதே வருடத்தில், தீத்துஸும் இறந்தான். 1669 ஒக்டோபர் 4 இல் ரெம்பிராண்ட் கண்ணை மூடினார். வெஸ்டர் தேவாலயத்தில் ஒரு வாடகைக் கல்லறையில் புதைத்தார்கள். அடையாளம் எதுவும் மிஞ்சவில்லை.

வெட்டும் பிரதியும்

அவர் போன பின் ஓவியத்துக்குச் சோதனைகள் தொடங்கின. 1715 இல் ‘இரவுக் காவல்’ நகர மண்டபத்துக்கு மாற்றப்பட்டது. அங்கே குறித்த சுவரில் அது கொள்ளவில்லை. ஆகவே நான்கு பக்கமும் வெட்டினார்கள். இடப்பக்கத்தில் மட்டும் சுமார் 60 சென்ரிமீற்றர் போனது. அதில் நின்ற உருவங்களும் போயின. வெட்டிய துண்டுகள் இன்றுவரை கிடைக்கவில்லை.

அந்தத் துண்டுகளில் என்ன இருந்தது என்று எப்படித் தெரியும்? ஓவியம் முடிந்து சில வருடங்களுக்குள் கெரிட் லுண்டன்ஸ் என்ற இன்னோர் ஓவியர் அதைப் பார்த்து ஒரு மீற்றருக்கும் குறைந்த அகலத்தில் சிறு பிரதி ஒன்று வரைந்திருந்தார். அது வேறொரு இடத்தில் இருந்தபடியால் தப்பியது. இன்று அது லண்டன் தேசியக் கலைக்கூடத்துக்குச் சொந்தமானது.

2021 இல் ரைக்ஸ் அருங்காட்சியகம் அந்தப் பிரதியைக் கணினிக்குக் கொடுத்தது. லுண்டன்ஸ் பார்த்த கோணத்தைத் திருத்தவும், ரெம்பிராண்டின் நிறத்தையும் தூரிகை ஓட்டத்தையும் கற்றுக்கொள்ளவும் செயற்கை நுண்ணறிவைப் பழக்கினார்கள். அது தந்த விடுபட்ட பகுதிகளை அச்சிட்டு, ஓவியத்தில் ஒட்டாமல், சுற்றிவரத் தனித் தகடுகளில் பொருத்தினார்கள். கப்டனும் லெப்டினன்டும் நடுவில் இருந்து வலப்பக்கம் நகர, படை இடப்பக்கத்தை நோக்கி நடந்தது. சில மாதங்கள் காட்டிவிட்டுக் கழற்றிவிட்டார்கள். இழந்ததை இழந்ததாகவே வைத்துக்கொண்டு, அங்கே என்ன இருந்தது என்பதையும் மக்களுக்குக் காட்டிய இந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

லுண்டன்ஸின் பிரதியைப் பற்றி வாசித்தபோது யாழ் நூலகத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1981 இல் அங்கு எரிந்தவற்றுள் வேறிடத்தில் பிரதி இருந்த நூல்களை மீண்டும் வாங்க முடிந்தது. பிரதி எடுக்கப்படாத ஓலைச்சுவடிகளுக்கு எந்தக் கணினியாலும் உதவ முடியாது. கற்றுக்கொள்ள அதற்கு ஏதாவது ஒன்று மிஞ்சியிருக்க வேண்டும்.

பங்கருக்குள் ஆறு வருடம்

1939 இல் போர் மூண்டதும் ஓவியத்தை அம்ஸ்ரர்டாமிலிருந்து வெளியேற்றினார்கள். முதலில் மெடம்ப்ளிக்கில் உள்ள பழைய கோட்டை. பிறகு சட்டத்திலிருந்து கழற்றி, பெரிய உருளையில் சுருட்டி, காஸ்ட்ரிகம் என்ற ஊரின் கடலோர மணல்மேட்டில் கட்டிய பங்கர். 1942 இலிருந்து மாஸ்ட்ரிக்ட் நகருக்கு அருகே சுண்ணாம்புக்கல் குடைந்த குகை. 1945 இல் போர் முடிந்து அது வீடு திரும்பியது. இடம்பெயரும்போது எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒரு நிமிடத்தில் முடிவெடுத்த அனுபவம் எங்களுக்கு உண்டு. அந்த அருங்காட்சியகத்தார் எதை முதலில் எடுப்பது, எங்கே கொண்டுபோவது என்பதைப் போர் வாசலுக்கு வரும் முன்னரே முடிவு செய்திருந்தார்கள். ஓவியம் தப்பியதற்கு அதுவே காரணம்.

சமாதான காலத்திலும் அதற்கு ஆபத்து இருந்தது. 1911 இல் ஒருவர் கத்தியோடு வந்தார்; தடித்த வார்னிஷ் காப்பாற்றியது. 1975 செப்டெம்பரில் இன்னொருவர் ரொட்டி வெட்டும் கத்தியால் பல இடங்களில் நீளமாகக் கிழித்தார். பல மாதங்கள் இருந்து தைப்பது போல இழை இழையாகச் சேர்த்தார்கள். 1990 இல் அமிலம் வீசப்பட்டது. காவலர்கள் உடனே தண்ணீர் அடித்ததால் வார்னிஷோடு நின்றது. கிட்ட நின்று பார்த்தால் 1975 இன் தழும்புகள் இன்றும் தெரியும் என்கிறார்கள்.

முதலில் பதிவு, பிறகு கை

2019 இல் தொடங்கிய வேலையில் நான் கவனித்த ஒழுங்கு இது. ஐந்து வருடங்கள் போல் பெரும்பாலும் பார்த்தார்கள், அளந்தார்கள், பதிந்தார்கள். 2022 ஜனவரியில் 8,439 புகைப்படங்களை இணைத்து 717 கிகாபிக்சல் அளவுள்ள ஒரே படத்தை வெளியிட்டார்கள். அதில் ஒரு பிக்சல் ஓவியத்தில் 5 மைக்ரோமீற்றருக்குச் சமம். ஒரு மில்லிமீற்றரில் இருநூறில் ஒரு பங்கு. அந்தப் படம் இணையத்தில் எவருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. நானும் பார்த்தேன். பெரிதாக்கிக்கொண்டே போனால் முகம் கலைந்து, தூரிகைத் தடமும் வெடிப்புகளும் தனித்தனி நிறத்துகள்களும் தெரிகின்றன. நாளை ஒரு வெடிப்பு ஒரு மயிரளவு அகன்றாலும் இந்தப் படத்தோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம்.

அதற்குப் பிறகே கை வைத்தார்கள். 2003 இலிருந்து பத்து வருடங்கள் கட்டடத் திருத்த வேலைக்காக ஓவியம் வேறொரு பகுதியில் தொங்கியபோது, இடப்பக்க மேல் மூலையில் துணி அலை அலையாக நெளிந்திருந்தது. 2022 இல் பழைய மரச்சட்டத்திலிருந்து கழற்றிப் புதிய சட்டத்தில் இழுத்துக் கட்டினார்கள். 2024 நவம்பரில், 1975 தாக்குதலின் பின்னர் பூசிய வார்னிஷை மெதுமெதுவாக அகற்றத் தொடங்கினார்கள். இப்போது பூசுவதெல்லாம் பின்னால் வருபவர் அகற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பொது விதி. நாளை இதைவிட நல்ல வழி வரும் என்று நம்புகிறவர்கள் அப்படித்தான் வேலை செய்வார்கள்.

அவர்களிடம் இருக்கும் கருவிகள் எங்களிடம் இல்லை. ஆனால் அந்த ஒழுங்கில் பாதிக்குக் கருவியே தேவையில்லை. எங்கள் வீடுகளில் மிஞ்சியிருக்கும் நனைந்த அல்பங்கள், கரையான் அரித்த காணி உறுதிகள், காணாமல் போன பிள்ளையின் ஒரே படம் ஆகியவற்றைத் துடைக்கவோ ஒட்டவோ முன்னர் பகல் வெளிச்சத்தில் கைத்தொலைபேசியால் படம் எடுக்கலாம். அந்தப் பிரதியை வேறு வீட்டில், வேறு ஊரில், வேறு நாட்டில் உள்ள ஒருவரிடமும் வைக்கலாம்.

பெயரையும் எழுதிவைக்க வேண்டும். ‘இரவுக் காவல்’ ஓவியத்தின் பின்னணியில் ஒரு கேடயம் தெரிகிறது. அது ரெம்பிராண்ட் வரைந்தது அல்ல. ஓவியம் முடிந்த பின் வேறு யாரோ அதைச் சேர்த்து, படத்தில் நிற்பவர்கள் 18 பேரின் பெயர்களை அதில் எழுதிவைத்தார். அவர் யார் என்று தெரியாது. ஆனால் அவர் எழுதியதால், அந்தப் பதினெட்டுப் பேரும் இன்று வெறும் முகங்களாக இல்லாமல் பெயரோடு இருக்கிறார்கள்.